கவசக்காரரை அடிக்காத பூதங்கள்

இருங்காட்டுக்கோட்டை
9-6-2024

அன்புத் தங்கை சுகப்பிரியாவுக்கு அண்ணன் ஐயனார் எழுதுவது. நான் இங்கே சுகம். உன் இருமல் விட்டதா? உங்கள் நர்சிங் விடுதியில் போனைப் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் மணி நேரம் கொடுக்கிறார்கள். அந்தக் கால் மணியையும் அம்மா பிடித்துக்கொள்கிறாள். அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாகப் பேனா பிடிக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ அம்மாவோடு இங்கே வந்திருந்தபோது, வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாயே, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகிப் பூதத்தோடு சண்டை போடுவது, அதை எங்கள் ரூமில் ஆரம்பித்துவிட்டோம். சுபாஷ் பகடைகளை வரவழைத்தான். அவன் மந்திரவாதி. மகாராஜா கோடரிக்காரன். சக்திகுமார் கவசக்காரன், மற்றவர்களுக்கு விழும் அடியைக் கேடயத்தால் தாங்குகிற ஆள். அவனை உனக்குத் தெரியும். கோயில் வரிசையில் அம்மாவின் பையைச் சுமந்துகொண்டு நின்றவன். பூதத்தின் பக்கம் ஆடுவது நான்.

போன ஞாயிறு பத்துத் தலை அரக்கன் ஒருவனைச் செய்தேன். உயிர்ப்புள்ளி முந்நூறு. மூன்று பேரும் சுற்றி நின்று அடித்தார்கள், அடித்தார்கள், சாகவே இல்லை. மகாராஜா பகடையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

“லைன்ல நிக்க மாதிரியே இருக்குண்ணே” என்றான் சக்தி. அது எனக்குச் சுட்டது. வாரம் பூராவும் ஒரே போல்ட்டை முடுக்குகிறவர்கள், லீவு நாளிலும் அதையே செய்ய வேண்டுமா?

நீ ஒரு நல்ல பூதம் செய்து அனுப்பு. செய்தது நீ என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி செய்தது என்றால் இவன்கள் பயப்பட மாட்டான்கள்.

சுப்பிரமணி மாமா உனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறாராம். பெயர் வனமாமலை. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அம்மா உன்னிடம் சொன்னாளா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஐயனார்

* * *

நாகர்கோவில்
20-6-2024

அன்புள்ள அண்ணனுக்குப் பிரியா எழுதுவது. இருமல் போய்விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. உன் எழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம்.

உன் அரக்கனுக்குப் பத்துத் தலை, ஒரு தலைக்கும் வேலை இல்லை. உயிர்ப்புள்ளி என்பது திறமை ஆகாது அண்ணே, அது வெறும் கனம். ஒவ்வொரு சுற்றிலும் ஆடுகிறவர் ‘இப்போது அடிப்பதா, வேறு ஏதாவது செய்வதா’ என்று முழிக்க வேண்டும். முழிக்க வைக்காதது பூதமே இல்லை.

இவன் பெயர் சேற்றுக்கொம்பன். ஏரிக்குள் இருக்கிறான். முதலில் யாராவது ஒருவர் காலடியில் குமிழி வரும். யார் என்று நீ வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த சுற்றில் அவரைச் சேற்றுக்குள் இழுப்பான். பக்கத்தில் நிற்பவர் தன் அடியை விட்டுக்கொடுத்தால் மீட்கலாம். விடாமல் பூதத்தை அடித்தால் முங்கியவருக்கு மூச்சு குறையும். முங்கியவரும் சும்மா இருக்கக் கூடாது, சேற்றுக்குள் இருந்தபடியே குத்தலாம். இதை மறந்துவிடாதே. இங்கே எங்கள் சீனியர் அக்கா ஆட்டம் நடத்தியபோது என்னைக் கல்லாக்கி, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க வைத்தாள். அடி தாங்கலாம், விஷம், தீ எல்லாம் தாங்கலாம். என் முறையை இன்னொருவர் பிடுங்கிக்கொள்வதை மட்டும் தாங்க முடியவில்லை. அப்படிப்பட்ட பூதம் நான் செய்ய மாட்டேன்.

கவசக்காரருக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தானா?

பாசமுள்ள
பிரியா

* * *

இருங்காட்டுக்கோட்டை
7-7-2024

பிரியாவுக்கு அண்ணன் எழுதுவது. நல்ல சுகம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

சேற்றுக்கொம்பன் எங்களை உலுக்கி எடுத்துவிட்டான். குமிழி மகாராஜா காலடியில் வந்ததும் அவன் நிஜமாகவே காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டான். சக்தி ஒவ்வொரு தடவையும் தன் அடியை விட்டுக்கொடுத்து இழுத்தான். கடைசியில் பூதம் சாகிற நிலைமை, மகாராஜா மறுபடி முங்குகிறான்.

“விடுலே, நான் கெடக்கேன், நீ அடி!” என்று கத்துகிறான் மகாராஜா.

“அடிக்கது அடுத்த சுத்துலயும் அடிக்கலாம். நீ மொதல்ல மேல வா” என்றான் சக்தி.

சத்தம் கேட்டு வீட்டுக்கார முனியம்மாள் மாடியேறி வந்துவிட்டார். “இன்னாப்பா, வூட்ல பாம்பு கீம்பு பூந்துகிச்சா?”

“ஏரிச் சேத்துல மாட்டிக்கிட்டோம்மா” என்றான் சுபாஷ்.

“ஏரியத்தான் ரொப்பிட்டு கம்பெனி கட்டிகினாங்களே, சேறு இன்னும் எங்க கீது?” என்று கேட்டுவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

சக்திக்கு இந்த மாதம் பகல் ஷிஃப்ட். அம்மா வனமாமலையின் போட்டோவை எனக்கு அனுப்பியிருக்கிறாள். ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார். உன் மனதில் என்ன என்று எழுது. அடுத்த பூதத்தையும் அனுப்பு.

ஐயனார்

* * *

நாகர்கோவில்
19-7-2024

அண்ணனுக்கு. நலம். உனக்குக் கண் எரிச்சல் என்று அம்மா சொன்னாள். சொட்டு மருந்து வாங்கினாயா?

இப்போது எலும்பு முறிவு வார்டில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் படுக்க முடியவில்லை, விடுதி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். நடக்கிறபோதுதான் பூதம் தோன்றுகிறது.

இது கூர்ங்காதி. கண் கிடையாது, காது மட்டும்தான். கடைசியாக அடித்தவரின் சத்தத்தை வைத்து அவர் மேல் பாயும். ஆகவே யார் அடிப்பது, எந்த வரிசையில் அடிப்பது என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா நின்று காவல் காப்பவரை அதற்குத் தெரியாது. பாதி உயிர் போனதும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அப்போது அது கூச்சலிடத் தொடங்கும், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. அதன் பிறகு உங்கள் ரூமில் யாரும் வாய் திறக்கக் கூடாது, கைச் சாடைதான்.

இன்னொன்று. யார் யார் என்ன சொன்னார்கள், எப்போது சிரித்தார்கள் என்று முழுவதும் எழுது. சுருக்காதே. அது தெரியாமல் அடுத்ததைச் செய்ய முடியாது.

பிரியா

* * *

இருங்காட்டுக்கோட்டை
11-8-2024

பிரியாவுக்கு. சொட்டு மருந்து வாங்கினேன், எரிச்சல் குறைந்திருக்கிறது. நீ தூங்கப் பழகு.

நான் வரன் விஷயத்தைக் கேட்டேன். நீ அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய்.

கூர்ங்காதியை மூன்று பேரும் கைச் சாடையிலேயே கொன்றார்கள். தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய சாடை. எங்களுக்கு அது லேசாக வந்துவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகு சுபாஷ் ஒன்று சொன்னான்.

“கவனிச்சியளா? ரெண்டு பூதம் வந்தாச்சு. சக்தி மேல ஒரு கீறல் இல்ல. எனக்கு மூணு எலும்பு போச்சு.”

“அவன் கவசம் போட்டிருக்காம்ல” என்றேன்.

“கவசத்துல அடிச்சாத்தானண்ணே கவசம்னு தெரியும்” என்றான்.

சக்தி பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். டீக்கடைக்குப் போகும் வழியில்தான் கேட்டான். “இதச் செய்யுதவங்களுக்கு என்னைத் தெரியுமாண்ணே?”

இன்டர்நெட்டில் எடுத்தது என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

நான் இரண்டையும் மறுபடி படித்துப் பார்த்தேன். விட்டுக்கொடுப்பவனுக்கு வழி, சும்மா நிற்பவனுக்குப் பாதுகாப்பு. அவனுக்கென்றே திறந்து வைத்த கதவு மாதிரி இருக்கிறது. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அம்மா வனமாமலை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஐயனார்

* * *

நாகர்கோவில்
21-8-2024

அண்ணனுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கவசக்காரர் அடிபடாமல் இருப்பது ஆட்டத்தின் இயல்பு. அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. சுபாஷ் அண்ணனிடம் எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகும் என்று சொல்.

கீறல்தான் வேண்டும் என்றால் இதோ இரும்புத்தின்னி. கவசம் போட்டவரை மட்டும் தேடி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டு கவசத்தைத் தின்னும். தின்னத் தின்னப் பெரிதாகும். மற்றவர்கள் பக்கம் திரும்பியே பார்க்காது. தப்பிக்க வழி வைக்கவில்லை. யோசித்தும் பார்க்கவில்லை.

பரீட்சை வருகிறது. வனமாமலை விஷயத்தை அதற்குப் பிறகு பேசலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பிரியா

* * *

இருங்காட்டுக்கோட்டை
8-9-2024

பிரியாவுக்கு. எல்லாரும் சுகம்.

இரும்புத்தின்னி சக்தியைப் பிடித்துக்கொண்டது. முதல் சுற்றில் கேடயம் போயிற்று. அடுத்து மார்க்கவசம். நான் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று பார்த்தேன். அவன் என்றைக்கும் இல்லாதபடி சிரித்தான். “இது எனக்குன்னே வந்திருக்கு” என்றான். பிறகு மிச்சக் கவசத்தைத் தானே கழற்றி, ஆட்டத்தில் வரும் ஒரு கிணற்றுக்குள் வீசினான். தின்னி அதன் பின்னால் குதித்தது. சுபாஷ் மேலே இருந்து மந்திரத்தால் கிணற்றை மூடிவிட்டான். நீ வைக்காத வழியை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவன் என்னிடம் ஒன்று கேட்டான்.

அதை அப்புறம் எழுதுகிறேன். ஓவர்டைம் அதிகமாகிவிட்டது. ஆட்டம் கொஞ்ச நாள் வேண்டாம். பூதம் எதுவும் அனுப்பாதே. நன்றாகப் படி.

ஐயனார்

* * *

நாகர்கோவில்
6-10-2024

அண்ணனுக்கு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம். போன மாதம் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரம் வார்டிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறேன். ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றும்போது கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். சிஸ்டர் திட்டினார்.

மாடியில் அவர் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்?

இனிமேல் சுற்றி வளைக்க மாட்டேன். வனமாமலையை நான் கட்டிக்கொள்ள மாட்டேன். அவரிடம் குறை எதுவும் இல்லை. வல்லக்கோட்டையில் நீயும் அம்மாவும் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரத்தில் சக்தியும் நானும் வரிசையில் நின்று பேசினோம். பூதங்களைப் பற்றித்தான் பேசினோம். வேறு ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகு ஒரு போன், ஒரு மெசேஜ் கிடையாது. எங்களுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை அண்ணே. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எழுது.

பிரியா

* * *

இருங்காட்டுக்கோட்டை
27-10-2024

பிரியாவுக்கு. உன் மூன்று கடிதமும் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு மாடியில் சக்தி, “இந்தப் பூதமெல்லாம் பிரியாதான செய்யுது?” என்று கேட்டான். வல்லக்கோட்டை பஸ்ஸில் அவனும்தானே உன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தான். ஆமாம் என்றேன்.

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தபடியே சொன்னான், “அப்ப நான் ரூம மாத்திக்கிடுதேன்ண்ணே.”

“ஏன்டே?”

“நீங்க போன்னு சொல்லுததுக்கு முன்ன நானே போயிட்டா, நாளைக்கு எங்கயாவது பாத்தா சிரிச்சுக்கிடலாம். உங்க மாமா யாருன்னு எனக்குத் தெரியும். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

நான் இருடே என்று சொல்லவில்லை. அந்த வாரமே ஒரகடம் பக்கம் போய்விட்டான். கட்டில் காலியாகக் கிடக்கிறது. மகாராஜா அதில் துணி போடுகிறான், நான் எடுத்துவிடுகிறேன்.

அவன் வேறு சாதி. அது எனக்கு ஒன்றுமில்லை, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். ஆனால் நம் மேலத்தெருப் பெண்ணுக்கும் அவள் கூடப் போன பையனுக்கும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு முன்னால் நின்றது நம் சுப்பிரமணி மாமா. எனக்குப் பயம் பிரியா. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது உன் முகம் வருகிறது, அவன் முகம் வருகிறது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விடுகிறேன். அவன் போனது உங்கள் இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நினைக்கத்தான் செய்கிறேன். தூக்கம் இல்லை.

ஐயனார்

* * *

நாகர்கோவில்
10-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு. நீ எழுதிவிட்டாய், அதுவே போதும். தூங்கு. சாப்பிடு.

நீ பயப்படுவது நியாயம். மேலத்தெருவை நானும் மறக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். மாடியில் நின்று நீங்கள் இரண்டு பேரும் என் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்திருக்கிறீர்கள். அவர் போகிறேன் என்றார், நீ சரி என்றாய். நான் இங்கே உட்கார்ந்து தபாலுக்குக் காத்திருந்தேன். என் முறையை நீங்களே ஆடிவிட்டீர்கள். மாமா செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது, நீங்கள் என் மேல் பாசம் உள்ளவர்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பரீட்சை முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்களைத் தேர்வு செய்தார்கள். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் சேர வேண்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சக்திக்காக வரவில்லை, வேலைக்காக வருகிறேன். அவருக்கு விருப்பமில்லை என்றாலும் வருவேன். அதை அவர் வாயால் என்னிடம் சொல்லட்டும், உன் வழியாக வேண்டாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரச்சினை வருகிற அன்றைக்கு நீ யார் பக்கத்தில் நிற்பாய்?

பிரியா

* * *

இருங்காட்டுக்கோட்டை
15-12-2024

அன்புத் தங்கைக்கு. சுகமாக இரு. நான் உன் பக்கத்தில் நிற்பேன். இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது, அதற்குத் திட்டிக்கொள்.

போன ஞாயிறு ஒரகடம் போனேன். சக்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். இளைத்திருக்கிறான். உன் கடிதத்தை நீட்டினேன். ரோட்டோரம் நின்றே படித்தான், லாரி தூசியெல்லாம் மேலே விழுகிறது, அசையவில்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தான்.

“எனக்குப் பயமா இருக்குண்ணே.”

“எனக்கும்தான்.”

“பிரியாவுக்கு?”

“அவளுக்கும்னுதான எழுதியிருக்கா.”

“அப்ப மூணு பேருக்கும் சேந்துதான் இருக்கு” என்றான். “வரட்டும். எதுவா இருந்தாலும் நானே பிரியா முகத்தப் பாத்துச் சொல்லுதேன்.”

என்ன சொல்லப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

அம்மாவிடம் நானே போனில் பேசினேன். வேலை, வனமாமலை, சக்தி, எல்லாம் சொன்னேன். “பொங்கலுக்கு அவள ஊருக்கு வரச் சொல்லாத” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கோபத்தில் சொன்னாளா, வேறு எதற்காகவா, தெரியவில்லை.

28-ஆம் தேதி நான் வந்து உன்னை அழைத்து வருகிறேன். பகல் ரயில். அது நம் ஊருக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் நின்றுதான் போகும். நேற்று அம்மா திரும்பக் கூப்பிட்டு, எந்தப் பெட்டி என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று அப்போதிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மாமா பக்கத்தில் இருந்து கேட்கச் சொல்லியிருந்தால்?

கோவில்பட்டியில் நீ கீழே இறங்கக் கூடாது. நான் கதவில் நிற்பேன்.

உன் அண்ணன்
ஐயனார்

* * *

இருங்காட்டுக்கோட்டை
20-1-2025

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் சுகப்பிரியா எழுதுவது. நானும் அண்ணனும் நல்லபடியாக இருக்கிறோம். போனில் பேசினால் மாமா காதில் விழும் என்று இதைப் பக்கத்துத் தெரு சந்தனமாரி அத்தை விலாசத்துக்குப் போடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கோவில்பட்டியில் நீ பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தாய். நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் கம்பிக்குள் கையை விட்டு ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டாய். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ரயில் கிளம்பிவிட்டது. மதுரை வரைக்கும் அழுதேன், ஷட்டரைத் திறக்கவே இல்லை. கதவில் நின்ற அண்ணன் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னான், சுப்பிரமணி மாமா இன்னும் இரண்டு பேரோடு நடைமேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார் என்று. நீ எங்கள் சன்னலைச் சாத்திவிட்டு, எஞ்சின் பக்கம் கையைக் காட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஓடினாயாம். நாங்கள் இருந்தது பின்னால். அதற்குப் பிறகு வீட்டில் உன்னை என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அதை நினைத்தால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

வேலையில் சேர்ந்துவிட்டேன். முனியம்மாள் வீட்டில் கீழ் அறையில், அவர் மருமகள் சசிகலாவோடு தங்கியிருக்கிறேன். முதல் நாளே, “எவனாச்சும் தேடிகினு வந்தா நான் கீறேன், நீ கவலப்படாம துன்னுட்டுத் தூங்கு” என்றார்.

சக்தி வந்தார். அண்ணன் மாடிக்குப் போய்விட்டான். “நான் ரூம மாத்துனது தப்பு, உன்னட்ட கேட்டிருக்கணும்” என்றார். என்னைப் பிடிக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவர் வீட்டிலும் பயப்படுகிறார்கள். அவசரப்பட மாட்டோம் அம்மா. இன்னும் நன்றாகப் பேசிப் பழகக்கூட இல்லை. ஆனால் பதிவு செய்வது எப்படி, பாதுகாப்புக் கேட்பது எங்கே என்று ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாடியில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறோம், பூதங்களை நான் நடத்துகிறேன். நேற்று அண்ணன் முதல் தடவையாக வீரன் பக்கம் ஆடினான். பகடையை உருட்டிவிட்டு நாற்காலியில் உட்காராமல் கத்தினான். அவன் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

ஷட்டர் விழுந்தபோது உன் வலது கை விரல் நசுங்கியதைப் பார்த்தேன். நகம் கறுத்திருக்கும். தானாக விழும்வரை பிடுங்காதே, சோப்புத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றி வை. இன்னும் மடக்க முடியாமல் இருந்தால் எலும்பில் பட்டிருக்கும், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தள்ளிப் போடாதே. எப்படி ஆயிற்று என்று வீட்டில் கேட்டால், பீரோக் கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்.

உன் மகள்
சுகப்பிரியா